அலுமாரிக்குள் நின்ற ஆமிக்காரன்

எங்கள் வீட்டு அலுமாரிக்குள் ஒரு ஆமிக்காரன் நிற்பதை நான் கண்டது ஒரு சனிக்கிழமை காலையில். கையுறை தேடப்போன இடத்தில் கண்டேன். ஸ்காபரோவில் பதினோராம் மாடியில் இரண்டு அறை வீடு. வாசற்கதவுக்குப் பக்கத்து அலுமாரியில் எல்லோருடைய குளிர்ச்சட்டைகளும் நெருக்கியடித்துத் தொங்கும். அவற்றை இரண்டு கையாலும் விலக்கியபோது சுவரோடு ஒட்டிக்கொண்டு அவன் நின்றான். கடும்பச்சைச் சட்டை, மினுங்கும் பொத்தான்கள், மேல்தட்டில் தொப்பி, கீழே கறுப்புச் சப்பாத்து. நடுவில் முகம் இல்லை. ஆனால் அதைக் கவனிக்கும் நிலையில் நான் இருக்கவில்லை.

கத்தக்கூடாது என்பது எனக்குத் தெரியும். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, அம்மாவின் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துக்கொண்டேன். வெகுநேரம் என்னைத் தேடிக் களைத்த அம்மா கடைசியில் குனிந்து பார்த்தார். நான் விஷயத்தைக் காதுக்குள் சொன்னதும் முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அது ஆமியில்லை பிள்ளை. மாமாவின்ரை கோட்."

என்னை ஆறுதற்படுத்த அதைவிட மோசமான வசனம் ஒன்று இருந்திருக்க முடியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா முன்னால் வந்திருந்தார். எனக்கு ஆறு வயதானபோது அம்மாவும் நானும் பின்னால் வந்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா தாண்டிக் கொழும்பு, கொழும்பில் மாதக்கணக்கில் ஒரு லொட்ஜ், பிறகு ரொறன்ரோ. ஆமி என்பது ஒரு மனிதர் பார்க்கும் வேலை என்ற எண்ணமே எனக்கு இருக்கவில்லை. எங்கள் வீட்டில் ஆமி வரும், பிடிக்கும், போகும். அதிலே ஒருவர் சேர்ந்தார் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

மாமா அம்மாவின் தம்பி. பதினைந்து வயதில் தூரத்து உறவினர் ஒருவரோடு இந்த நாட்டுக்கு வந்து, இங்கேயே படித்து, இந்த நாட்டுப் பிரசையானவர். நாங்கள் வந்து இறங்கியபோது விமான நிலையத்துக்கு எங்களுக்கான குளிர்ச்சட்டைகளோடு வந்தவர் அவர்தான். "மாமாவுக்குத் தூர இடத்திலை வேலை" என்று அம்மா சொல்லியிருந்தார். அந்த வேலை கனேடிய இராணுவத்தில் என்பதை எங்கள் மாடியில் இருந்த தமிழ்ச் சனத்திடமும் மறைத்தார், என்னிடமும் மறைத்தார். ஊரில் நடந்துகொண்டிருந்ததை வைத்துப் பார்த்தால், எந்த நாட்டு ஆமி என்று கேட்க யாருக்கும் பொறுமை இருந்திராது.

முந்திய ஆண்டு அவர் ஒரு பெரிய பையோடு வந்து எங்கள் ஹோல் சோபாவில் தங்கிவிட்டார். பகலில் படுப்பார், சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். அதுவரை எனக்கு அவரைப் பிடிக்கும். அலுமாரிக்குப் பிறகு நான் அவருக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிடவில்லை. குளியலறைக்குப் போக சோபாவைக் கடக்கவேண்டும். அதனால் முடிந்தவரை போகாமல் இருந்தேன். அவர் என் பின்னலைப் பிடித்து இழுத்து விளையாட வந்தால் மரம்போல நிற்பேன். இரண்டு மூன்று தடவைக்குப் பிறகு அவரும் கையை எடுத்துவிட்டார்.

மிச்சக் கதையைக் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"கஞ்சா அடிச்சு, வைச்சிருந்து பிடிபட்டு, நடத்தை சரியில்லையெண்டு கலைச்சுவிட்டிருக்கிறாங்கள். உன்ரை தம்பியை எந்த முதலாளி இனி எடுப்பான்?" என்றார் அப்பா.

"மெல்லக் கதையுங்கோ. படுத்திருக்கிறான்."

"எனக்கும் அவனிலை இரக்கம்தான். ஆனால் இஞ்சை ஒரு பொம்பிளைப்பிள்ளை வளருது. கோடைக்குள்ளை ஒரு வழி வராட்டி வேறை இடம் பாக்கச் சொல்லு."

ஆமியே வேண்டாமென்று கலைத்துத் துரத்திய ஒருவர் எப்படிப்பட்டவராக இருக்கவேண்டும்! அன்றிலிருந்து என் அறைக் கதவுக்கு உள்ளே கதிரையை வைத்துவிட்டுப் படுத்தேன்.

மாமா தேடிக்கொண்டிருந்த வழி இதுதான். எங்கே வேலைக்குப் போனாலும் இத்தனை வருஷம் எங்கே இருந்தாய், ஏன் விட்டாய் என்று கேட்டார்கள். மிசிசாகாவில் விமான நிலைய வேலை ஒன்று கைக்கு வந்து, இராணுவம் கொடுத்த விலகற் பத்திரத்தைப் பார்த்ததும் நழுவிப்போனது. 'தீய நடத்தை' என்று அதில் இருந்தது. அந்த வகையை மாற்றும்படி மேன்முறையீடு செய்யலாம் என்று இலவசமாக வழக்குப் பார்க்கும் சட்டத்தரணி அம்மா ஒருவர் சொன்னார். வழமையாக எழுத்தில் மட்டும் பார்ப்பார்களாம். அவர் விடாமல் கேட்டு, குழுவொன்றின் முன்னால் நேரே பேச அனுமதி வாங்கிவிட்டார். வீட்டு மனிதர் ஒருவரும் வந்து, இப்போது இவர் ஒழுங்காக இருக்கிறார் என்று சொன்னால் நல்லது என்றார். அப்பாவுக்கு இரண்டு வேலை. ஆகவே அம்மா. பள்ளிக்கூடம் மார்ச் விடுமுறை. ஆகவே நானும்.

காலையில் பஸ், பிறகு சுரங்க ரயில், பிறகு இன்னொரு பஸ். மாமா அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். கை நீளம் போதவில்லை. கடைசி பஸ்ஸில் அம்மா என் பக்கம் திரும்பாமல், தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார்: "காசு குடுத்து பஸ் ஏறி ஆமிக் காம்புக்குப் போற ஆக்கள் உலகத்திலை நாங்களாத்தான் இருக்கும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாங்களாகவே ஆமிக் காம்புக்குப் போகிறோம் என்றால் திரும்பி வரமாட்டோம் என்றுதான் நினைத்தேன்.

முகாம் வாசலில் நின்ற இளம் சிப்பாய் சிரித்த முகத்தோடு காலை வணக்கம் சொன்னான். அவன் கேட்பதற்கு முன்னமே அம்மா கைப்பையின் எல்லா அறைகளையும் திறந்து, அடையாள அட்டை, மருந்துக் குளிசை, இடியப்பப் பெட்டி எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டார். அவன் திகைத்துப்போய் ஒவ்வொன்றாக எடுத்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். அப்போதும் அம்மா பையை மூடவில்லை. அம்மாவே பயப்படும் இடத்தில் நான் என்ன செய்வது?

உள்ளே ஒரு நீண்ட நடைபாதை. சுவரோரம் கதிரைகள். சட்டத்தரணி அம்மா மாமாவைத் தள்ளிக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில் பாடம் சொன்னார். மன்னிப்புக் கேள், விட்டுவிட்டேன் என்று சொல், வைத்தியரிடம் போவதைச் சொல், அதற்குமேல் வேண்டாம். மாமா தலையாட்டினார். ஏன் அந்தப் பழக்கம் வந்தது என்று அவருக்கும் மாமா சொல்லியிருக்கவில்லை, அம்மாவுக்கும் சொல்லியிருக்கவில்லை.

அப்போது நடைபாதையின் கோடியில் ஒரு கதவு திறந்தது. சப்பாத்துச் சத்தம் கேட்டது. உயரமான ஒரு ஆமிக்காரன், அலுமாரிக்குள் நின்ற அதே பச்சையில், இப்போது முகத்தோடு, எங்களை நோக்கி வந்தான். எனக்கு நேரே வந்து நின்று, குனிந்தான். ஏதோ கேட்டான். குடிக்கச் சூடாக ஏதும் வேண்டுமா என்றுதான் கேட்டானாம்.

நான் கதிரையிலிருந்து இறங்கினேன். முழங்காலில் நின்றேன். இரண்டு கையையும் உச்சந்தலையில் வைத்து, நிலத்தைப் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. கொழும்பு லொட்ஜில் ஆமி வந்தால் எல்லோரும் நடைபாதையில் அப்படித்தான் நிற்போம். அங்கேயும் இப்படித்தான் ஒரு நீண்ட நடைபாதை.

"பிள்ளை, எழும்பு... எழும்பு குஞ்சு" என்று அம்மா சொல்வது கேட்டது. ஆனால் அம்மாவும் அசையவில்லை. சப்பாத்துகள் இரண்டும் பின்னால் போய்ச் சுவரோடு நின்றன. ஆங்கிலத்தில் மன்னிக்கவேண்டும், மன்னிக்கவேண்டும் என்றது அந்தக் குரல். பிறகு மாமா எனக்கு எதிரே நிலத்தில் வந்து இருந்தார். என்னைத் தொடவில்லை. அவர் அழவும் இல்லை. ஓடிவந்தவர்போல மூச்சு மட்டும் இரைத்துக்கொண்டிருந்தது.

என் கைகளை யார் இறக்கிவிட்டார்கள் என்பது நினைவில்லை. அம்மாவாகத்தான் இருக்கவேண்டும்.

குழுவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் அந்த உயரமான மனிதர். என்னைத் தனியே வெளியில் விட அம்மா சம்மதிக்கவில்லை. அவரே என்னையும் உள்ளே இருக்கும்படி சொன்னார். என் தலையை அம்மா தன் குளிர்ச்சட்டைக்குள் புதைத்து வைத்துக்கொண்டார். அதனால் மாமாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. குரல் மட்டும் கேட்டது.

சட்டத்தரணி சொல்லிக்கொடுத்ததை அவர் சொல்லவில்லை. ஐரோப்பாவில் சண்டையில் உடைந்துகொண்டிருந்த ஒரு நாட்டுக்கு சமாதானப் படையில் தன்னை அனுப்பியதைச் சொன்னார். ஒரு நாள் எரிந்த கிராமம் ஒன்றுக்குச் சாப்பாட்டு லொறியோடு போனார்களாம். முதலில் இறங்கியவர் அவர். ஒரு வீட்டுக்குள்ளிருந்து ஒரு தாயும் பிள்ளைகளும் வெளியே வந்தார்கள். இவரைக் கண்டதும் தெருவில் முழங்காலில் நின்று கையைத் தலையில் வைத்தார்கள். பயப்படவேண்டாம் என்று அவர்களுடைய பாஷையில் சொல்ல இவர் பழகி வைத்திருந்தார். அதைச் சொன்னபோது கடைசிப் பிள்ளை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதாம்.

"என்ன சொல்லுறான்?" என்று அம்மா என் காதுக்குள் கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது.

"சாப்பாடு குடுக்கப் போனவராம். பிள்ளையள் பயந்திட்டுதுகளாம்."

"அதுக்கு?"

மாமா தொடர்ந்து பேசினார். தானும் சின்ன வயதில் அப்படி நின்றவர் என்றார். அந்தத் தெருவில், அந்தச் சட்டைக்குள் நின்றது யார் என்று தனக்கு விளங்காமல் போனது என்றார். திரும்பி வந்த பிறகு கண்ணை மூட முடியவில்லை; கஞ்சா அடித்தால் மூட முடிந்தது. செய்தது பிழை, தண்டித்ததையும் குறை சொல்லவில்லை. ஆனால் படையில் இருந்த ஐந்து வருஷத்தில் தான் செய்ததெல்லாம் அந்தக் கஞ்சா ஒன்றுதான் என்பதுபோல எழுதிவைத்தது மட்டும் சரியில்லை என்றார்.

பிறகு, இதை ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அந்த உயரமானவர் கேட்டார்.

"ஒருவரும் கேட்கவில்லை, சேர்" என்றார் மாமா.

அம்மாவையும் கேட்டார்கள். அவர் எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் செலவழித்து, "என் தம்பி நல்லவன். வீட்டில் நல்லவன்" என்று சொல்லிவிட்டு இருந்தார்.

திரும்பி வரும்போது ரயிலில் மாமா தள்ளிப்போய் நின்றார். நான் முழங்காலில் நின்று எல்லாவற்றையும் குழப்பிவிட்டேன் என்றும், வீட்டுக்குப் போனதும் அடி விழும் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா என் இரண்டு கைகளையும் தன் மடியில் வைத்துப் பிடித்தபடி வந்தார். ஏச்சுமில்லை, பேச்சுமில்லை. இரவு அப்பா வந்து என்ன நடந்தது என்று கேட்டதற்கு, "கதைச்சான்" என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு வீட்டில் தொலைபேசி அடித்தாலே எல்லோரும் நின்ற இடத்தில் நிற்போம். மாற்ற முடியாது என்று வந்தால் மாமா போகவேண்டும். போனால் எங்கே போவார், என்ன ஆவார் என்று அம்மா பாத்திரம் கழுவும்போது முணுமுணுப்பார். மாற்றிவிட்டோம் என்று வந்தால் அவர் மறுபடி ஆமியாகிவிடுவார் என்று நான் பயந்தேன். இரண்டில் எதற்காகக் கும்பிடுவது என்று தெரியாமல் றிச்மண்ட் ஹில் கோயில் பிள்ளையாருக்கு முன்னால் ஒருமுறை சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பனியெல்லாம் கரைந்து, ஜன்னலைத் திறந்து வைக்கத் தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் சட்டத்தரணி அம்மா அழைத்தார். மாமா ரிசீவரைக் காதில் வைத்து, ஓம் ஓம் என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"மாத்திப் போட்டாங்கள் அக்கா."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. தீய நடத்தை என்பதை எடுத்துவிட்டு, படைச் சேவைக்குப் பொருத்தமற்றவர் என்று போட்டிருந்தார்கள்.

"அதுவும் பெரிய மரியாதை இல்லையே?" என்றார் அப்பா.

"அது உண்மைதானே அத்தான்" என்று மாமா சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேலிருக்கும். அந்தக் கோடையிலேயே விமான நிலையத்தில் வேலை கிடைத்து மிசிசாகாவுக்குப் போய்விட்டார்.

அழைப்பு வந்த அன்று, விளக்குப் போட்ட நேரம், நான் சாப்பாட்டு மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். மாமா எதிரே வந்து இருந்தார். கொஞ்ச நேரம் என் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லக் கேட்டார்.

"பிள்ளை, இப்பவும் என்னைக் கண்டால் பயமோ?"

நான் பென்சிலை வைத்தேன். அவரை நேரே பார்த்து, "இல்லை" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கெட்டிக்காரி" என்று சொல்லிவிட்டு எழுந்துபோனார். நம்பிவிட்டார் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வவுனியாவில் சோதனைச்சாவடி வரிசையில் நின்றபோது அம்மா எனக்கு ஒன்று சொல்லித் தந்திருந்தார். ஆமி ஏதும் கேட்டால் அழக்கூடாது, கீழே பார்க்கக்கூடாது, நேரே பார்த்து 'இல்லை' என்று மட்டும் சொல்லவேண்டும். என்ன கேள்வியானாலும் அதுதான் பதில். மாமாவும் பதினைந்து வயதுவரை எங்கள் ஊரில் வளர்ந்தவர், அவருக்கும் அவருடைய அக்காவான அம்மாதான் அதைச் சொல்லிக் கொடுத்திருப்பார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.