அம்பு பார்க்கும் பக்கம்

பின்னல் ஊசியைத் திரையில் வைத்து, முதல் குரோமோசோமின் நுனியிலிருந்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருக்கிறார் ரோவீனா டிராஸ்க். மறுகையில் வெஜிமைட் தடவிய ரொட்டி. "பேசாம இருங்கப்பா, ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடறேன்." அடிலெய்டில் எங்கள் மரபணுப் பரிசோதனை ஆய்வகத்துக்குக் காலை விடிவது இப்படித்தான்.

திரையில் ஒரு மரபணு என்பது மெல்லிய கோடு, நடுநடுவே தடித்த கட்டைகள். "கட்டையெல்லாம் ஸ்டேஷன், கோடு வெறும் வழி" என்பார். மரபணு ஓடும் திசையைக் காட்டக் கோட்டில் குட்டி அம்புகள் உண்டு. பாதி மரபணுக்கள் வலமிருந்து இடமாக ஓடுகிறவை. நாங்களோ புத்தகம் படிக்கிற பழக்கத்தில் இடப்பக்கத்தையே ஆரம்பம் என்று நினைத்துவிடுவோம். உடனே ஊசி மண்டையில் தட்டும்.

"அம்பைப் பாத்தியா? டவுன் ரயில்ல அப் டிக்கெட்டோட உக்காந்திருக்க!"

எங்களில் அதிகம் அடி வாங்கியவன் கோஸ்டா. "நாளைலேர்ந்து ஹெல்மெட் போட்டுட்டு வரேன்" என்பான்.

போன குளிர்காலத்தில், ரோவீனாவின் மகள் டாம்சினுடைய வயிற்றுப் பிள்ளையின் பரிசோதனை எங்களிடமே வந்தது. சொந்தக்காரர்களுடையதை நாங்கள் பார்ப்பதில்லை, முடிவைக் கேட்பதுமில்லை. மருத்துவர்தான் சொல்லவேண்டும். ரோவீனா நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தேநீர் வேளையெல்லாம் பேரக்குழந்தைக்குக் காலுறை பின்னினார்.

முடிவு வந்த அன்று இரண்டாம் குரோமோசோமில் ஒரு துண்டைக் காணோம். முக்கியமான மரபணு ஒன்றுக்கு இடப்பக்கம், ஒட்டினாற்போல.

"ஐயோ, ஆரம்பமே போச்சு!" கோஸ்டா வாய்விட்டுச் சொல்லிவிட்டான்.

சுவர்ப்பக்கம் ஊசிச் சத்தம் நின்றது. வழக்கமாக அந்த இடத்தில் கேட்கிறவர் ரோவீனா; இன்று அவர் கேட்கக் கூடாது. நான் கேட்டேன்.

"அம்பைப் பாத்தியா?"

அம்புகள் இடப்பக்கம் பார்த்தன. அப்படியானால் இடப்பக்கம் இருப்பது வால். கடைசிக் கட்டையையும் தாண்டி, ஒன்றுமில்லாத வெற்றிடத்தில்தான் துண்டு காணாமல் போயிருந்தது. அதனால் பிள்ளைக்கு ஒரு குறையும் வராது. கோஸ்டா இந்த முறை வாயைப் பொத்திக்கொண்டான். நானும் சொல்லக் கூடாது. சுவர்ப்பக்கம் ஊசிச் சத்தம் மறுபடி தொடங்கி, நிற்காமல் ஓடியது. அந்தப் பகல் நகரவே மாட்டேன் என்றது.

சாயங்காலம், மருத்துவர் முடிவைச் சொன்னதும் டாம்சின் தொலைபேசியில் கூப்பிட்டாள். "சரி கண்ணு... சரி சரி, அழாதே" என்று வைத்தார் ரோவீனா. பிறகு மடியிலிருந்த காலுறையைத் தூக்கிப் பார்த்தார். குதிகால் வளைக்கவே மறந்து, முழங்கை நீளத்துக்கு வெறும் குழாயாக வளர்ந்திருந்தது.

பின்னலைப் பிரிக்க ஊசியை உருவினார். நூல் நுனியைக் கோஸ்டாவிடம் நீட்டினார்.

"பிடிச்சு இழுப்பா."