மூலையில் இருந்த பெட்டிக்கு ஒரு நாள் ஓய்வு

சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், ஈப்போவில் நான் வேலை செய்யும் போக்குவரத்து நிறுவனத்தின் கிளையில் நடந்தது இது. தோட்டங்களிலிருந்து செம்பனைக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரிகள் எங்களுடையவை. தெலுக் இந்தானிலிருந்து சிலிம் ரிவர் வரை எந்த லோரி எங்கே நிற்கிறது, எவ்வளவு எடை ஏற்றியிருக்கிறது என்பதெல்லாம் எங்கள் கணினிகளில்தான் ஓடும். அவற்றைப் பார்த்துக்கொள்வது நானும் ஒரு மலாய்த் தோழியும். எங்களுக்கு மேலே ஒரு மேலாளர். அவரைப் பதவி சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. அலுவலகத்தில் அண்ணே என்றால் அவர்தான்.

ஈப்போவில் எதற்குத் தனியாக ஒரு கணினிப் பிரிவு என்று கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் கொஞ்ச நாளாகவே முணுமுணுப்பு இருந்தது. கடைசியில் ஒரு வேலையைக் கொடுத்துப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார்கள். எங்களுக்குச் சொந்த கிளவுட் உண்டு. வெளியே வாடகைக்கு எடுக்காமல், எங்கள் அலுவலகத்துக் குளிரறையிலேயே வைத்திருக்கும் இயந்திரங்கள்தான் அது. அதில் புதிதாக ஒரு மென்பொருள் கருவியை நாங்கள் பொருத்த வேண்டும். இனி மென்பொருளில் எதை மாற்றினாலும் அந்தக் கருவியே எல்லாக் கிளைகளுக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். அவர்கள் குறித்த நாளில் மாலை ஐந்து மணிக்குள் அது ஓட வேண்டும். ஓடினால் பிரிவு ஈப்போவிலேயே இருக்கும். ஓடாவிட்டால் கோலாலம்பூருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

என் கணவருக்கு ஈப்போ மருத்துவமனையில் வேலை. மகள் இங்கே தமிழ்ப்பள்ளியில் படிக்கிறாள். பிரிவு போனால் எனக்கு மட்டும் அங்கே ஒரு வாடகை அறை, வெள்ளிக்கிழமையானால் பஸ் என்று ஆகிவிடும். அதை நினைத்து இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாள் காலையில் கருவியை ஓடவிட்டேன். முதலில் அது தனக்கு வேண்டிய, பெட்டி இல்லாமல் மென்பொருளால் மட்டுமே ஆன புதிய கணினிகளைக் கிளவுடுக்குள் தானே உருவாக்கிக்கொள்ளும். பிறகு அவை ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். அதுவரை அழகாக வந்தது. பேச வேண்டிய இடத்தில், இணைப்பை நம்ப முடியவில்லை என்று ஒற்றை வரி போட்டுவிட்டு நின்றது. நின்றதோடு விட்டதா? உருவாக்கிய கணினிகளைத் தானே அழித்தும்விட்டது. என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்கக்கூட எனக்கு எதுவும் மிஞ்சவில்லை.

கணினிகள் ஒன்றையொன்று நம்புவதற்குச் சான்றிதழ் உண்டு. நம் அடையாள அட்டை மாதிரி. அதில்தான் கோளாறு என்று நினைத்துக் கோலாலம்பூரிலிருந்து புதுச் சான்றிதழ் கேட்டு வாங்கினேன். போட்டேன். அதே வரி. என் தோழி கேபிளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து வந்தாள். எல்லாம் சரி. பழைய கணினிகள் எல்லாம் ஜம்மென்று ஓடுகின்றன, புதிதாகப் பிறப்பவை மட்டும் பேச மாட்டேன் என்கின்றன.

அண்ணன் வேறு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார். கையில் கோப்பி, வாயில் கேள்வி.

"ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியாம்மா?"

"பாத்தாச்சுண்ணே."

"இன்னொரு தடவ பாரேன்லா."

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. நல்ல மனிதர், ஆனால் அன்று அவர் மூச்சுவிடுவதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. மதியம் எனக்காகச் சோறு கட்டி வாங்கி வந்து வைத்தார். அதையும் தொடவில்லை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. தலைமை அலுவலகத்து மேடம் இரண்டு முறை அழைத்து, மிகவும் மரியாதையாக, முடியுமா என்று கேட்டார். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது.

அப்புறம்தான், தோற்றாலும் கணினிகளை அழிக்காதே என்று கருவிக்குச் சொல்ல ஒரு வழி இருப்பதைக் கண்டுபிடித்தேன். அப்படியே ஓடவிட்டேன். தோற்றது. இந்த முறை கணினிகள் மிஞ்சின. ஒன்றுக்குள் போய்ப் பார்த்தால், தேதி பல வருடங்களுக்கு முந்தையது. என் மகள் பிறக்காத காலம் அது! இன்றைக்குக் கொடுத்த சான்றிதழை அந்தக் கணினி எப்படி நம்பும்? அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் உருவாகவே இல்லை.

எல்லாக் கணினிகளும் மணி கேட்பது குளிரறை மூலையில் இருக்கும் ஒரு பழைய பெட்டியிடம். ஏற்கனவே ஓடிக்கொண்டிருப்பவை அது சொன்ன பைத்தியக்கார நேரத்தை ஏற்காமல் தங்கள் நேரத்தையே வைத்துக்கொண்டன. புதிதாகப் பிறந்தவற்றுக்கு வேறு நேரம் தெரியாதே, அது சொன்னதை அப்படியே நம்பிவிட்டன.

குளிரறைக்கு ஓடினேன். எங்கள் அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு லோரிச் சாவியிலிருந்து கணினிவரை எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது வழக்கம். அந்தப் பொட்டுகள் அப்படியே இருந்தன. மூலைப் பெட்டியின் உள்ளிருந்த சின்ன பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் இருக்கும்வரை அது பிரச்சினை இல்லை. ஒரு முறை அணைத்துப் போட்டால் மணியை மறந்துவிடும். யாரோ அணைத்திருக்கிறார்கள்.

"எவன் இதத் தொட்டது?" என்று கத்தினேன். குளிரறைக்கு வெளியேயும் கேட்டிருக்கும்.

பின்னாலேயே வந்திருந்த அண்ணன் பேசவில்லை. கோப்பிக் கோப்பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நான்தாம்மா. பூஜ அன்னிக்கு ராத்திரி ஆஃப் பண்ணேன், காலைல ஆன் பண்ணிட்டேன்."

"ஏண்ணே?"

"ஆயுதத்துக்கெல்லாம் அன்னிக்கு ரெஸ்ட் குடுக்கணும்லா. மத்ததுலயெல்லாம் லோரிக் கணக்கு ஓடுது, தொடாதீங்கன்னு நீதானே சொன்ன. இது ஒண்ணுதான் சும்மா கெடந்துச்சு. வருசம் பூரா ஓடுது, பாவமா இருந்துச்சு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என் தோழிக்கு மலாயில் விளக்கினேன். அவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

பெட்டியின் மணியைத் திருத்தி, புது பேட்டரி போட்டு, கருவியை மறுபடி ஓடவிட்டேன். நின்ற இடத்தைத் தாண்டியது. ஒவ்வொரு வரியாகப் பச்சை நிறத்தில் வந்தது. கடைசி வரி வந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

ஆனால் தலைமை அலுவலகத்துக்குக் காரணம் சொல்ல வேண்டுமே. "பேட்டரி செத்துப்போச்சுன்னு மட்டும் சொல்றேண்ணே. அது பொய் இல்ல. பூஜைக்கு ஆஃப் பண்ணோம்னு தெரிஞ்சா, இவங்க கையில எப்படிக் கொடுக்கிறதுன்னு பிரிவையே மூடிருவாங்க" என்றேன். அண்ணன் தலையை ஆட்டினார். சம்மதம் என்று நினைத்தேன். காணொளி அழைப்பில் மேடம் திரைக்கு வந்ததும், நான் வாயைத் திறப்பதற்குள் ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"மேடம், வேல முடிஞ்சிருச்சு. தாமதம் ஆனதுக்குக் காரணம் நான்தான். என் ஆளுங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்ல." பூஜை, பொட்டு, ஓய்வு எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. எல்லாம் போச்சு என்றே நினைத்தேன்.

மேடமும் தமிழர்தான், பினாங்குக்காரர். பூஜையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பற்றிக் கேட்டார்: "ஒரு பழைய பெட்டிய நம்பியா மொத்தக் கிளைக்கும் மணி ஓடுது? அத அங்க வெச்சது யாரு?"

"அது வந்து... உங்க ஆளுங்கதான் மேடம். கிளவுட் போட்டப்பவே" என்றார் அண்ணன்.

மேடம் சிரித்துவிட்டார். "அப்ப மத்தக் கிளையிலயும் இப்படித்தான் இருக்கும். எல்லாத்தையும் மாத்துங்க. நீங்களே செய்ங்க, ஈப்போலயே இருந்து." அவ்வளவுதான். திரை அணைந்தது.

நான் சமையலறைப் பக்கம் போய் நின்று ஒரு பாட்டம் அழுதுவிட்டு, ஆறிப்போயிருந்த அந்தச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து நின்றபடியே முழுக்கச் சாப்பிட்டேன். அன்றைக்கு அப்படி ஒரு பசி! கணவரை அழைத்து, கோலாலம்பூர் இல்லை என்றேன். அவர் பெருமூச்சு விட்டது தொலைபேசியில் நன்றாகக் கேட்டது.

அந்தக் கருவி இப்போதும் ஓடுகிறது, யாரும் அதை நினைப்பதுகூட இல்லை. நான் நினைப்பது குளிரறையில் என் கத்தலுக்குப் பிறகு அண்ணன் பேசாமல் நின்ற அந்தச் சில நொடிகளை. அவர் அப்படியே வெளியே நடந்து போயிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கப் போவதே இல்லை. இப்போதெல்லாம் ஏதாவது உடைந்தால், யார் தொட்டது என்று நான் தாழ்ந்த குரலில்தான் கேட்கிறேன். நான்தான் என்று சொல்ல ஒருவர் வந்துகொண்டிருப்பார், என் சத்தம் கேட்டு அவர் பாதி வழியில் திரும்பிவிடக் கூடாது.