இரண்டுதரம் கழித்த முப்பத்திரண்டு

அரியாலையில் இறால் தொட்டியடியில் அன்று நின்றவர்கள் நான்கு பேர்: தொட்டிகளின் முதலாளி, அவரிடம் வேலை செய்யும் என் அப்பா, நான் வேலை பார்க்கும் கொக்குவில் கடையை நடத்தும் அண்ணை, நான். நிற்க வேண்டியவன், நாங்கள் கடையில் செய்து கொண்டுவந்த மின்சாரப் பெட்டிக்கு அட்டவணை எழுதிய என் கூட்டாளி. அவன் சண்டிலிப்பாயில் தமக்கையின் கலியாண வீட்டில் இருந்தான்.

மின்சாரம் நின்றால் ஜெனரேற்றரைத் தானாக இயக்குவதுதான் பெட்டியின் வேலை. வேறு இடத்தில் வாங்க இருந்த முதலாளியிடம், தன் மகன் செய்வது, தானே பொறுப்பு என்று சொன்னவர் அப்பா. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான்; அவருக்கு அதுவே போதுமான உத்தரவாதம். தொட்டியில் இருந்தவை குஞ்சு பொரிக்க வைத்திருந்த விலை கூடிய தாய் இறால்கள். தண்ணீருக்குள் போகும் காற்று நின்றால் நெடுநேரம் தாங்கா. அவை செத்தால் அப்பாவின் வேலையும் போகும்.

பெட்டியைப் பொருத்தி, ஜெனரேற்றரின் பழைய கைச்சுவிச்சைக் கழற்றி வைத்திருந்தோம். சோதனை தொடங்குமுன்னரே மின்சாரம் போய்விட்டது. காற்றுக் குழாய்களின் குமிழ்கள் அடங்கின. ஜெனரேற்றர் அசையவில்லை.

முதலாளி அப்பாவைப் பார்த்தார்.

"உம்மடை பொடியன்ரை படிப்பு றாலுக்கு விளங்கேல்லைப் போல."

அப்பா வாளியால் தண்ணீரை அள்ளி, தலைக்கு மேல் தூக்கி ஊற்றத் தொடங்கினார். அப்படி விழும்போது கொஞ்சம் காற்றுக் கலக்கும்.

பெட்டியைத் திறந்து வயரை முட்டவைத்து ஜெனரேற்றரை இயக்குகிறேன் என்றேன். ஈரத் தரை, மின்சாரம் எந்நேரமும் திரும்பும் என்று அண்ணை விடவில்லை. பெட்டி தன் பற்றரியில் ஓடிக்கொண்டிருந்தது; மடிக்கணினியை அதோடு இணைத்தேன்.

ஒரு சாதனம் இயங்குதளத்தின் மையமான கேர்னலைக் கூப்பிடும் சைகைதான் இன்டரப்ட். ஒவ்வொன்றும் ஓர் எண்ணில் வரும். எந்த எண் எந்தச் சாதனத்துடையது என்று அட்டவணையில் நாம் எழுதிவைக்க வேண்டும். பிழைத்தால் சாதனம் ஒரு கதவைத் தட்டும், கேர்னல் இன்னொரு கதவில் காத்திருக்கும். திரையில், மின்சாரம் நின்றதைச் சொல்லும் வரியில், எத்தனை தரம் கூப்பிட்டது என்ற எண்ணிக்கை பூச்சியமாகவே நின்றது. மின்சாரத்தைக் கவனிக்கும் உணரி பழுது என்றார் அண்ணை. அதைக் கழற்றி மீற்றரில் பிடித்தேன். உணரி ஒழுங்காகத்தான் இருந்தது.

"தம்பி, றால் ஒண்டு சரிஞ்சிட்டுது," என்றார் அப்பா, வாளியை நிறுத்தாமல்.

அட்டவணையைத் திறந்தேன். எட்டு என்றிருந்தது. சிப்பின் கையேட்டில் எழுபத்திரண்டு. முதல் முப்பத்திரண்டு எண்களைச் சிப்பு தன் உள்வேலைக்கு எடுத்துக்கொள்வதால் அட்டவணையில் அதைக் கழித்து எழுத வேண்டும். கழித்தால் நாற்பது. எட்டு எங்கிருந்து வந்தது?

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அடுத்தவனுக்கு ஒன்றைக் கொடுத்தால், வெட்டிக் கழுவின மீன் மாதிரி, வாங்குபவன் மேலே ஒன்றும் செய்யத் தேவையில்லாமல் கொடுக்க வேண்டும். கூட்டாளிக்கு அழைத்தேன். மேளச் சத்தத்துக்குள் இரண்டாம் முறைதான் எடுத்தான். முப்பத்திரண்டைக் கழித்தா தந்தாய் என்று கேட்டேன்.

"ஓம், கழிச்சுத்தான் தந்தனான். வெட்டின மீனைத் திரும்ப வெட்டினியளோ?"

ஸ்பீக்கரில் அதைக் கேட்ட அண்ணை மடிக்கணினிப் பக்கம் குனிந்தார். அன்று காலை புறப்படுமுன் கடைசியாகச் சரிபார்த்தவர் அவர். கூட்டாளி கையேட்டு எண்ணையே எழுதியிருப்பான் என்று நினைத்துத் தானும் கழித்திருக்கிறார். முதல்நாள் கடை மேசையில் சோதித்தபோது ஓடிய பெட்டி தொட்டியடியில் ஏன் ஓடவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

"மாத்து," என்றார். "கெதியாய் மாத்து."

நாற்பது என்று எழுதி, அட்டவணையைத் தொகுத்து, பெட்டியை மறுபடி தொடக்கினேன். அது எழும்பும்வரை வாளித் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. முதலாளியும் ஒரு வாளியை எடுத்துவிட்டார்.

எண்ணிக்கை பூச்சியத்திலிருந்து ஒன்றானது. ஜெனரேற்றர் ஒருமுறை இருமி, பிறகு இரைந்தது. குமிழ்கள் வந்தன.

சரிந்தவற்றில் ஒன்பது எழும்பவில்லை. அப்பா தன் சம்பளத்தில் பிடிக்கச் சொன்னார். இரண்டாம் தரம் கழித்தது தான்தானே, கடை கட்டும் என்று அண்ணை குறுக்கே விழுந்தார். முதலாளி இருவரையும் மாறிமாறிப் பார்த்து, அப்பாவை நாளைக்கு வழமைபோல வரச் சொன்னார். பெட்டியும் இருக்கட்டும், ஆனால் பக்கத்தில் ஒரு கைச்சுவிச்சும் இருக்க வேண்டும் என்றார். எங்கள் கடைக் கணக்கில், ஒன்று ஏழாயிரம்படி இறாலுக்கு அறுபத்துமூவாயிரம், புதுச் சுவிச்சுக்கு எண்ணூற்றைம்பது. எல்லாமாக அறுபத்துமூவாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய்.