சின்னம்மாவுக்கு ஏலாத தேன்கூடு

என் பேத்திக்குக் கொம்பியூட்டர் வகுப்பில் ஒரு புதிர் கொடுத்திருக்கிறார்கள். கோடுகளை மட்டும் தட்டி, அறுகோணங்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் தேன்கூட்டைத் திரையில் வரவைக்க வேண்டுமாம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறாள். அவளுக்கென்ன குறை? வலப்பக்கம் சாயும் கோடும் இருக்கிறது, இடப்பக்கம் சாயும் கோடும் இருக்கிறது. ஏழு வயதில் நான் இதே புதிரோடு மாரடித்தபோது ஒரு கோடுதான் இருந்தது.

சின்னம்மா துறைமுகத்தடிக் கந்தோர் ஒன்றில் ரைப்பிஸ்ட். பள்ளி விடுமுறையென்றால் என்னையும் கூட்டிப்போவார். நகல் விழுவதற்காக, இரண்டு தாளுக்கு நடுவே காபன் தாளை மைப்பக்கம் கீழே இருக்கச் செருகிக் கொடுப்பது என் உத்தியோகம். சம்பளம், தேத்தண்ணியோடு தின்ன ஒரு பணிஸ்.

ரைப்ரைட்டர் திருத்தக் கப்பல்துறை என்ற ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். ஒருநாள் எண்ணெய் விட்டுக்கொண்டே சின்னம்மாவைச் சீண்டினார்.

"இதில ஒரு தேன்கூடு அடிச்சுக் காட்டுங்கோ பாப்பம். மெஷினுக்குப் புது மை றிபன் ஒண்டு தாறன்."

"எனக்கு?" என்றேன்.

"உமக்கு றிபன் வாற தகரப்பெட்டி."

வட்டப் பெட்டி, மூடியில் பூ. என் கண்ணாடி வளையல்களுக்கென்றே செய்ததுபோல இருக்கும். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் அந்த மெஷினில் இடப்பக்கம் சாயும் கோடு கிடையாது. அறுகோணத்தில் பாதி வரும், மற்றப் பாதிக்கு வழியில்லை. அவர் வெள்ளிக்கு வெள்ளி வந்து, "கூடு வந்திட்டுதோ?" என்பார். சின்னம்மா உதட்டைப் பிதுக்குவார். பழுதில்லாத மெஷினுக்கு அவர் மறுபடி எண்ணெய் விடுவார்.

ஒரு வியாழக்கிழமை நான் காபனை மைப்பக்கம் மேலே வரும்படி செருகிவிட்டேன்.

"விசரி, மாறி வைச்சிட்டாய். நகல் தாள் வெறுமையாக் கிடக்குது பார்," என்று சின்னம்மா தாளை உருவினார். மை முழுவதும் முதல் தாளின் முதுகில் ஏறியிருந்தது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பி நின்றது. சாய்ந்த கோடு மறுபக்கம் சாய்ந்திருந்தது.

சின்னம்மா ஏச்சை நிறுத்திவிட்டார். புதுத் தாளில், காபனை மாற்றி வைத்தபடியே, கணக்குப் பார்த்துச் சில கோடுகள் தட்டினார். பிறகு தாளைத் திருப்பிப் போட்டு, முதுகில் மிச்சக் கோடுகளை நேரே அடித்தார். தாள் நிறையத் தேன்கூடு. என்னைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினார். எனக்குப் பெட்டி வந்துவிட்டது போலவே இருந்தது.

மறுநாள் அவர் வந்தார். "கூடு வந்திட்டுதோ?"

"எங்க வாறது. எனக்கு ஏலாது போல கிடக்கு," என்றார் சின்னம்மா. "இந்த மெஷினும் இறுகுது. வாற கிழமையும் ஒருக்கா வந்து பாருங்கோ."

நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே என் தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது.

"அவசரமில்லை. ஆறுதலா அடியுங்கோ," என்றார் அவர், எண்ணெய்ப் போத்தலை எடுத்தபடி.

மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததை ஒளித்து வைத்து, என் பெட்டியையும் தொலைத்த சின்னம்மாவோடு நான் இரண்டு நாள் கதைக்கவில்லை.

அடுத்த வருடம் கலியாணம் நடந்தது. அவரைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிட்டேன். ஆனால் பந்தியில் இருந்து பாயசம் குடிக்கும்போதும் எனக்கு ஒன்று மட்டும் பிடிபடவேயில்லை. அவர் கணக்கில் ஒரு தேன்கூடு அடிக்கத் தெரியாத பெண்ணை இந்த மனிதர் எதைக் கண்டு கட்டினார்?