சோப்பில் கூடிப்போன காரம்

இன்று புதூர்நாடு போகும் ஜீப்பில் ஒரு பெண், நான் காய்ச்சி விற்ற சோப்பைத் திருப்பி என் மடியில் போட்டாள்.

"இன்னா பெரியப்பா, இத்த நீ தேச்சிப் பாத்தியா? எம்புள்ள முதுகு வெந்துபோய்க் கீது!"

கட்டியைத் துண்டில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மருமகள் காஸ்டிக் சோடா பையைப் பிரித்துப் பார்த்தாள். "எவ்ளோ போட்டீங்க மாமா?"

"எப்பவும் போடற மூணு கரண்டிதாம்மா."

"அப்போ வந்தது செதிலு. இது குருணை, அதே கரண்டியில எடை கூடப் புடிக்கும். தராசுல நிறுத்துப் போடுங்கன்னு சொன்னேனே!"

தராசு காட்டும் எண்ணைப் படிக்க எனக்குத் தெரியாது. கரண்டிதான் தெரியும்.

மீதிக் கட்டிகளை எல்லாம் துருவி, இலுப்பை எண்ணெய் சேர்த்து, சிறு தீயில் மறுபடி காய்ச்சினாள். கிளறப் போனேன்.

"நீங்க தள்ளி உக்காருங்க மாமா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

சோப்பு சரியாகிவிடுமாம். அந்தப் பிள்ளையின் முதுகுக்கு அப்படி ஒரு வழி இல்லை.

நாற்பது வருடத்துக்கு முன் யார் வீட்டு மாடு என்றைக்குக் கன்று போட்டது என்று கேளுங்கள், கிழமையோடு சொல்வேன். அந்த நினைவை நம்பித்தான் மூன்று கரண்டி போட்டேன். மறந்து கெட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். மறக்காமல் கெட்டவர் என்னைத் தவிர யாராவது உண்டா?