முதுகில் பத்து இலக்கம்

பூட்டுக்காரருக்குப் பெண்டாட்டி முகம் மறந்து இரண்டு வருஷமாயிற்று. பூட்டு மட்டும் மறக்கவில்லை. சாவி தொலைத்தவர்களுக்கெல்லாம் நாற்பது வருஷம் கதவு திறந்துவிட்ட கை. ஒரு கொண்டை ஊசி கிடைத்தால் போதும், அரை நிமிஷத்தில் தெருவில் இறங்கிவிடுவார்.

"பூட்டி வைக்க வேண்டியதுதானேம்மா," என்றான் மகன்.

"யாரை, உங்கப்பாவையா? நல்ல ஆளைப் பார்த்தே."

அவன் சிரிக்கவில்லை. போலீஸ் ஜீப்பில் அப்பா வந்து இறங்கியது அன்றோடு மூன்றாவது தடவை. "இன்னொரு தடவை காணாமப் போனா ஹோம்ல சேர்த்துடுவேன். அப்புறம் உன் பேச்சைக் கேக்கமாட்டேன்."

ஆஸ்பத்திரி வார்டில் இருபத்தாறு வருஷம் நோயாளிகளைப் புரட்டிப் படுக்கவைத்தவள் அவள். ஹோமிலிருந்து வருகிறவர்களின் முதுகுப் புண்ணைக் கழுவியிருக்கிறாள். அவரை அனுப்புவதாக இல்லை.

சட்டையில் போன் நம்பரை எழுதினாள்; மை இரண்டு துவைப்பில் போயிற்று. மார்பில் தைத்த துணிப்பட்டையை அவர் நோண்டிப் பிய்த்தார். அவர் கை எட்டாத இடம் முதுகு. அங்கே தையல் மெஷினிலேயே எழுதுவது எப்படி என்று எதிர்வீட்டு டெய்லரிடம் கேட்டாள்.

"துணியை அழுத்தற பாதத்தைக் கழட்டுங்கக்கா. துணியைத் தள்ளற பல்லைக் கீழ இறக்கிடுங்க. துணியை வளையத்துல இறுக்கி நீங்களே நகர்த்தணும். பேனாவை அசைக்காம காகிதத்தை அசைச்சு எழுதற மாதிரி."

"விரலு?"

"தள்ளியே இருக்கட்டும். கிட்டப் போனா ஊசியே சொல்லும்."

பழைய படுக்கை விரிப்பில் பழகினாள். கை தயங்கினால் அடியில் நூல் சிக்கிக் கூடு கட்டியது. கை முந்தினால் தையல் நீண்டு தொங்கியது. எட்டு என்று போட்டது நசுங்கிய மூக்குக்கண்ணாடி போல வந்தது. நாலாம் நாள் ஊசி நகத்தில் இறங்கியது. கழுவிக் கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். ஒன்பதாம் நாள் கையும் மோட்டாரும் ஒத்துப்போயின.

மொத்தம் ஏழு சட்டை. அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

"யாருக்கும்மா தைக்கிறீங்க?"

"என் வீட்டுக்காரருக்கு."

"கொடுத்து வெச்சவர்."

ஏழாவது சட்டைக்கு அரை மணி நேரம் பிடித்தது. கண்ணை ஊசியிலிருந்து எடுக்க முடியாத வேலை. மெஷினும் கடகடவென்று ஓடியது. நூலை வெட்டி நிமிர்ந்தபோது பக்கத்தில் ஆளில்லை. வாசல் கதவு திறந்து கிடந்தது. அலமாரி மேலிருந்த போனில், எடுக்காத அழைப்புகள் ஆறு.

திருப்பிக் கூப்பிட்டாள்.

"பெட்ரோல் பங்க்ல இருந்து பேசறேம்மா. பெரியவர் முதுகுல உங்க நம்பர் இருந்துச்சு. ஆறு தடவை அடிச்சேன், யாரும் எடுக்கல. உக்கார வெச்சுத்தான் இருந்தேன். வண்டிக்குப் பெட்ரோல் போடப் போனப்ப எழுந்து போயிட்டாரு. ரோட்டுல வேன் இடிச்சிருச்சு. இப்பதான் ஆம்புலன்ஸ்ல ஏத்தினோம்."

இடுப்பெலும்பு இரண்டாகியிருந்தது. இனி நடக்கமாட்டார் என்றார்கள். ஒருத்தியாகத் தூக்கிப் புரட்ட அவளுக்கும் உடம்பில் தெம்பில்லை. அது அவளுக்கு மகனைவிட நன்றாகத் தெரியும்.

"நம்பர் சரியாத்தாண்டா வேலை செஞ்சுது," என்றாள். "நான்தான் எடுக்கல."

மகன் ஹோமுக்குப் போன் போட்டு இடம் கேட்டான்.

துணிகளில் கட்டில் எண் இருக்க வேண்டும் என்றது ஹோம். அவள் முதல் சட்டையை வளையத்தில் இறுக்கினாள்.

"மார்க்கர்ல எழுதினாப் போதும்னு சொன்னாங்களேம்மா."

"ரெண்டு துவைப்புல போயிடும்."

போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பத்து இலக்கத்துக்குக் கீழே பதினாலு என்று தைக்க ஆரம்பித்தாள்.