பூட்டிய டயல்

கணினி எந்த மணிக்குப் போன் லைனில் டயல் செய்து இணையத்தில் சேரலாம் என்று என் மகன் அதில் நேரம் குறிக்கும்போதெல்லாம், பழவேற்காட்டு இறால் கம்பெனியின் கறுப்புப் போனும், டயலில் தொங்கிய பூட்டும், ஐஸில் ஊறிய இறால் வாடையும் என் நினைவுக்கு வந்துவிடுகின்றன. ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் அம்மா போன்ற பெண்களுக்குப் பத்து மணிக்கு மேல்தான் போன். பொன்னேரி ஆஸ்பத்திரியில் அப்பா, எங்கள் நைனா, கிடந்த காலையிலும், போன் கேட்டுப் போன அம்மாவிடம் "பத்துக்கு வாம்மா" என்றார் மேனேஜர்.

"டயலத்தான பூட்டிக்கீறே, என் விரல இன்னா பண்ணுவ?" என்றாள் அம்மா. டயல் சுற்றித் திரும்பும் டக்டக்கைக் கேட்டு எண்ணிவைத்திருந்தவள், ரிசீவர் உட்காரும் குமிழை எண் மூன்றுக்கு மூன்று தட்டு, ஐந்துக்கு ஐந்து என்று தட்டினாள். ஆஸ்பத்திரி எடுத்தது, நைனா கஞ்சி குடித்தாராம்.

அடுத்த வாரம் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தட்டத் தெரிந்திருந்தது. பூட்டு மட்டும் பத்து மணிவரை காவல் காத்தது.